தென்னை விழுவதற்கு முந்தைய தண்ணீர்

அம்மா அனுப்பும் குரல் பதிவுகளில் முதலில் கோழி கத்தும். அடுத்து அம்மா "அலோ" என்பாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. நான் "சொல்லும்மா" என்று சொல்வதற்காக அவள் விட்டுவைக்கிற இடம் அது.

"தம்பி, சாப்ட்டியா?" மறுபடியும் ஒரு இடைவெளி. "ம், சரி."

நான் சாப்பிட்டுவிட்டதாக அவளே முடிவு செய்துகொண்டு மேலே பேசுவாள். இது போன் பேசுகிற மாதிரி இல்லையம்மா, பதிவு, நான் அப்புறம்தான் கேட்பேன் என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "கேக்கும்போது அந்த எடத்துல நீ சொல்லிக்கயேன்" என்றாள். சென்னையில் அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு நானும் அந்த இடங்களில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் சிகரெட் பிடிக்க வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த ஆவணி மாத மதியம் வந்த பதிவில் கோழியும் இல்லை, அலோவும் இல்லை.

"தம்பி, மதகுல தண்ணியே இல்லடா. வீடியோவுல வந்துடுச்சேன்னு அப்பா வெத நெல்ல ஊறப் போட்டு மூட்டம் கட்டிட்டாரு. இப்ப சாக்கப் பிரிச்சுப் பாத்தா வெள்ள வெள்ளயா முள. என்னா பண்றதுன்னு தெரியல. அப்பா பேச மாட்டேங்குறாரு."

விவசாயம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விதை நெல்லைச் சாக்கோடு ஊறவைத்து எடுத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கனம் ஏற்றி வைப்பார்கள். உள்ளே சூடு ஏறி முளை விடும். முளை விட்டதும் சேறும் தண்ணீருமாக ஒரு நாற்றங்கால் உடனே வேண்டும். மூடியே வைத்திருந்தால் சாக்குக்குள்ளேயே வெந்துபோகும். வெயிலில் பரப்பினால் சுருண்டுபோகும். திரும்ப அதை நெல்லாக்கிக் குத்திச் சாப்பிடவும் முடியாது.

விதை போனால் அந்தப் பருவம் போய்விடும். எங்களுக்கு அந்த வருஷம் பருவம் போனால் நிலமே போய்விடும் என்கிற நிலைமை.

மூன்று மா

நிலம் எங்களுடையது இல்லை. கோயில் நிலம். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். பேராவூரணிக்குக் கிழக்கே, வாய்க்கால் இழுத்துப் பறித்து வந்து சேருகிற கடைசியில் இருக்கிறது. அதற்கப்பால் வாய்க்காலே கிடையாது.

என் தாத்தா ஊர்த் தெருவில் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் கொடி பிடித்தார்கள், அடி வாங்கினார்கள், கோர்ட்டுக்கு நடந்தார்கள். ஆட்சிகள் மாறின, சட்டங்கள் வந்தன. ஒருவழியாக அந்த மூன்று மா குத்தகைக்குத் தாத்தா பெயரில் வந்தது. அப்புறம் அப்பா பெயருக்கு. என்னைப் படிக்க வைத்தது அந்த நிலம்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. என்னைப் படிக்க வைத்தது பேராவூரணியில் அப்பா லாரிக்கு ஏற்றிய தேங்காய்கள். ஆனால் தேங்காய் ஏற்றப் போகிறவரை "சாகுபடிக்காரர்" என்று ஊர் மதித்தது அந்த மூன்று மாவால்தான்.

முந்தைய இரண்டு வருஷமும் தரிசு. ஒரு வருஷம் தண்ணீர் எங்கள் வரை எட்டவில்லை. அடுத்த வருஷம் புயல். கோயில் அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் பயிர் இல்லையென்றால் குத்தகை ரத்து, நிலம் ஏலத்துக்குப் போகும், புரட்டாசியில் ஆள் வந்து பார்ப்போம்.

ஏலம் வந்தால் யார் எடுப்பார்கள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தனபால்தான்.

மோட்டார் தனபால் என்பார்கள். எங்களுக்கு மேல் வயல்காரர். போர் போட்டு, இலவச மின்சாரத்தில் இறைத்து, வாய்க்கால் வராத வருஷத்திலும் பச்சை காட்டுகிறவர். தாத்தா ஆளாக இருந்த பண்ணை அவருடைய அப்பாவுடையது. அந்த மூன்று மாவைத் தனக்கு விடும்படி தனபால் சில வருஷம் முன்னால் கோயிலில் மனுக் கொடுத்தார். வரப்பில் அப்பாவோடு வாய்த் தகராறாகி, இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

ரொட்டி லாரி

அரசாங்கம் எனக்குக் கொடுத்த மடிக்கணினியைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு வேலைக்கு மனுப் போட்ட பையனுக்கு வேலை கிடைத்த கொஞ்ச நாளில் புயல் அடித்தது.

தென்னைகள் கும்பலாகப் படுத்துவிட்டன. நிவாரணம் கொண்டுவந்த லாரிகள் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிடும். உள்ளே இருக்கிற எங்களுக்குச் சேதி வருவதற்குள் ரொட்டி தீர்ந்திருக்கும். டவர் கொஞ்சம் உயிர் பெற்றதும் ஒரு வாட்சப் குரூப் ஆரம்பித்தேன். லாரி எங்கே நிற்கிறது, தார்ப்பாய் யாரிடம் மிச்சம் இருக்கிறது, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இவ்வளவுதான் அதில் ஓடியது.

கரண்ட் வர வெகு நாளாயிற்று. ஊரில் ஜெனரேட்டர் இருந்தது தனபால் வீட்டில். ஒரு பலகையில் ஊர்ப்பட்ட போன்களை வரிசையாக வைத்து சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். அம்மாவும் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "போனுக்கு என்னா தெரியும், யார் வூட்டுக் கரண்ட்டுன்னு" என்றாளாம் அம்மா.

புயல் போனது. குரூப்பைக் கலைக்க யாரும் சொல்லவில்லை. மெல்ல அது தண்ணீருக்காக மாறியது. எந்த மதகு திறந்தார்கள், எங்கே அடைத்தார்கள், கரை எங்கே உடைந்தது. பெயரையும் "வாய்க்கால் சேதி" என்று மாற்றினேன். வாக்காளர் பட்டியலைத் தவிர ஊர்த் தெருப் பெயர்களும் எங்கள் தெருப் பெயர்களும் ஒன்றாக இருந்த இடம் அதற்கு முன் எனக்குத் தெரிந்து வேறு எதுவுமில்லை.

கட்சிப் படம் போடக்கூடாது என்பது விதி. விதியை மதிக்க ஆள் இல்லை. ஆளுங்கட்சிக்காரர் தலைவர் பிறந்தநாளுக்கு மாலை போட்ட படம் போடுவார். எதிர்க்கட்சிக்காரர் உடனே தன் தலைவரை அதைவிடப் பெரிய மாலையோடு போடுவார். இருவரையும் காலையில் நீக்குவேன். சாயங்காலம் சேர்த்துவிடுவேன். அவர்கள் இல்லாமல் குரூப்பில் களை இருக்காது.

சிங்கப்பூரிலிருந்து வந்த காவேரி

அம்மாவின் தம்பி குமார் மாமா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கல்லணை திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் போனில் கிடந்த ஒரு வீடியோவைக் குரூப்பில் போட்டார். எங்கள் வாய்க்கால் மதகுக்கு அடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்கிறது. கூடவே அவர் குரல். "வந்துட்டாடா காவேரி! எல்லாரும் வயல்ல எறங்குங்கடா!"

கும்பிடு போட்டவர்கள், பூ போட்டவர்கள், விசில் சத்தம் போட்டவர்கள் என்று குரூப் திருவிழாவானது. அப்பா சாயங்காலம் தேங்காய்ப் பேட்டையிலிருந்து வந்து அம்மாவின் போனில் அதைப் பார்த்திருக்கிறார். மச்சான் குரல், நம் மதகு, அப்புறம் என்ன? மற்றவர்கள் எதற்கும் நாலு நாள் பார்ப்போம் என்று இருந்தார்கள். அப்பாவுக்குக் கோயில்காரர்கள் கழுத்தில் நின்றார்கள். அன்றைக்கே விதையை ஊறப் போட்டுவிட்டார். மறுநாள் விடிந்தும் விடியாமல் பேட்டைக்குப் போய்விட்டதால் மதகுப் பக்கம் போகவில்லை.

விதை மூட்டம் ஏறிய பிறகுதான் குட்டு உடைந்தது. உடைத்தது செல்லம்மா அக்கா. எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்.

"ஏம்ப்பா குமாரு, வீடியோவுல மதகுக்கு இந்தாண்ட ஒரு தென்ன நிக்குதே. அது புயல்லயே வேரோட போயிடுச்சேப்பா. நாங்கதான் வெட்டி அடுப்பெரிச்சோம். இது எந்த வருசத்துத் தண்ணி?"

வெகு நேரம் கழித்து மாமா குரல் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. தேதி பாக்கலங்க. ஊர்ல தண்ணி வந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், போட்டுட்டேன்." அவரை என்ன சொல்வது? ஊர்த் தண்ணீரைப் போனில் வைத்துக்கொண்டு கடல் கடந்து தகரம் வெட்டுகிற மனுஷன்.

அப்பா பின்னாளில் இதைப் பற்றி ஒன்று சொன்னார். கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்த காலத்தில் ஊருக்கு ஊர் சேதி கொண்டுபோனது நடவுக்குப் போகிற பெண்கள்தானாம். ஆண்கள் ரோட்டில் கும்பலாக நடந்தால் நிறுத்திக் கேட்பார்கள். முழங்கால் சேற்றோடு போகிற பெண்களை யார் நிறுத்துவார்கள்? நாளைக்கு எந்த ஊரில் அறுப்புக்கு இறங்குவதில்லை என்கிற முடிவு அவர்களோடு நடந்துபோய்ச் சேர்ந்துவிடும்.

"அதுவும் ஃபார்வர்டுதான் தம்பி. ஆனா அந்தப் பொம்பளய நிறுத்தி, நீ பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களான்னு ஒரு வார்த்த கேக்கலாம். இதுல யாருகிட்ட கேக்குறது?"

பதிவு செய்துகொண்டிருக்கிறார்

மாடிப்படியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"குரூப்புல போடறேம்பா. யாருகிட்டயாவது எடம் இருக்கும்."

"போடாத."

"ஏம்பா?"

"அவன் பாத்துருவான்."

யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் விதை சாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் ஏலத்துக்கு நாள் பார்க்கிற ஆள் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார். அப்பா சொல்வதிலும் நியாயம் இருந்தது. குரூப்பில் போடாமல் போனை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் ஒரு குரல் பதிவு. கோழி கத்தியது. "அலோ." இடைவெளி. அம்மா! குரூப்பில் எல்லாவற்றையும் கேட்பாளே தவிர, அதுவரை அதில் வாயைத் திறந்ததில்லை.

"நான் முத்தையன் சம்சாரம் பேசுறேன். எங்க வூட்டு வெத முளச்சுப் போச்சு. தண்ணி இல்ல. யாருகிட்டயாவது சேறடிச்ச எடம் இருந்தா ஒரு மூலயக் குடுங்க. நாத்தப் பறிச்சதும் பழையபடி குடுத்துடறோம். வெயிலு கொளுத்துது. சீக்கிரம் சொல்லுங்க."

யார் யார் கேட்டுவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு பெயராக வந்தது. வருத்தப்பட்டார்கள், உச்சுக்கொட்டினார்கள். இடம் யாரிடமும் இல்லை. வாய்க்காலை நம்பியவர்கள் எல்லோரிடமும் காய்ந்த மண்தான் இருந்தது.

கேட்டவர்களில் தனபால் பெயரும் வந்தது.

அப்புறம் மேலே அந்தச் சின்ன எழுத்து. தனபால் பதிவு செய்துகொண்டிருக்கிறார். எழுத்து மறைந்தது. திரும்ப வந்தது. மறைந்தது. என்ன சொல்லப் பார்த்து என்ன அழித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் வந்த பதிவு மிகச் சின்னது. பின்னால் மாடு மணி ஆட்டுகிற சத்தம்.

"முத்தையன் வூட்டுக்காரம்மாவுக்குச் சொல்றது. மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால எங்க வெதைக்குச் சேறடிச்சுப் போட்டுருக்கேன். நான் இன்னும் ஊறப் போடல. மூணு மணிக்குக் கரண்ட்டு வரும். எடுத்துட்டு வரச் சொல்லுங்க." ஒரு செருமல். "முளச்சத வச்சிருக்கப்புடாது."

இடுப்பில் செருகிய போன்

நான் மறுபடி கூப்பிட்டபோது வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அம்மா போனை எடுத்தாள், ஆனால் என்னோடு பேசவில்லை.

"அவன் நெலத்துல போயி நிக்கணுமா நான்? நாளைக்கு அத வச்சே பேசுவான். நாத்து என் கொல்லையில வளந்துது, அதனால வயலும் எனக்குன்னு."

"பேசட்டும். சொன்னத ஊரே கேட்டுருக்கு. சிங்கப்பூர் வரைக்கும் கேட்டுருக்கு. மாத்திப் பேசுனா திருப்பிப் போட்டுக் காட்டுவேன்."

"ஒனக்கு வெவரம் பத்தாது."

"வெவரமெல்லாம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். சாக்க ஒரு கை புடிச்சு சைக்கிள்ல வைங்க. நான் தள்ளிட்டுப் போறேன்."

போனை அணைக்காமல் அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. எனக்குச் சேலை உரசுகிற சத்தமும் சைக்கிள் செயின் சத்தமும் கேட்டன. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலேயே இன்னொரு செருப்புச் சத்தம் சேர்ந்துகொண்டது. அப்பாவின் நடை எனக்குத் தெரியும்.

பிறகு மோட்டார் சத்தம். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம். நனைந்த நெல் சேற்றில் விழுவது போனில் கேட்காது; ஆனாலும் நான் காதை எடுக்கவில்லை.

"கெழக்கால கொஞ்சம் மேடு. பாத்துத் தெளிங்க." தனபால் குரல்.

"எனக்கு வெதைக்கத் தெரியும்." அப்பா.

"தெரியாமயா? எங்கப்பாவுக்கு வெதச்சுக் குடுத்ததே ஒங்கப்பாதான."

அதைக் குத்தலாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அப்பாவாலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் என் மேலதிகாரி என் சாப்பாட்டு நேரம் முடிந்து வெகு நேரமாகிவிட்டதென்று கோபித்தார். காரணம் சொன்னால் புரியுமா என்று யோசித்து, வயிறு சரியில்லை சார் என்று சொல்லிவிட்டேன்.

பாதி நட்ட வயல்

நிஜத் தண்ணீர் அப்புறம்தான் வந்தது. இப்போது குரூப்பில் புது விதி. செல்லம்மா அக்கா போட்டது. "தண்ணிக்கு முன்னாடி நின்னு ஒங்க மூஞ்சியோட எடுத்துப் போடுங்க. மூஞ்சி இல்லாத தண்ணிய நம்ப மாட்டோம்." ஒவ்வொரு மதகிலும் ஒருத்தர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படங்களாக வந்தன. தண்ணீர் எந்த ஊரைத் தாண்டிவிட்டது என்பதை அந்தப் பற்களை வைத்தே கணக்குப் போட்டோம்.

எங்கள் வயலில் நடவு வைத்த நாளுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். பாதி வயல் நட்டிருந்தது. செல்லம்மா அக்கா வரிசையாக ஆட்களை நிறுத்தி, எல்லோரையும்விட வேகமாக நட்டபடி பின்னால் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கோயில் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள்.

மூத்தவர் வரப்பில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"நாத்து எங்க விட்டீங்க? உங்க வயல்ல நாத்தங்கால் வச்ச தடமே காணமே."

அப்பா மேல் வயலைக் கை காட்டினார். "மேல வயல்லங்க. தனபால் கொல்லையில."

இளையவர் உடனே மூத்தவரைப் பார்த்தார். "அப்ப சாகுபடி யாரு சார்? உள்குத்தகையா இருக்குமோ? ஏலத்துக்குப் பயந்துகிட்டு அவருகிட்ட விட்டுட்டு, இவரு பேருக்கு நிக்கிறாரோ என்னவோ?"

உள்குத்தகை என்று எழுதினால் தரிசைவிட மோசம். ரத்து செய்ய வேறு காரணமே வேண்டாம். அப்பாவின் முகம் மண் மாதிரி ஆனது. அம்மா கட்டிய நாற்று முடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிமிர்ந்து நின்றாள். குரூப் பதிவைப் போட்டுக் காட்டலாமென்று நான் போனை எடுத்தேன். அது எதற்கு? இடம் தனபாலுடையது என்றுதான் அதிலும் இருக்கிறது.

"அவரக் கூப்பிடுங்க" என்றார் மூத்தவர்.

கூப்பிடத் தேவை இருக்கவில்லை. பைக் சத்தம் கேட்டுத் தனபாலே வரப்பில் வந்துகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் மண்வெட்டி. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். அவர் பல வருஷமாகக் கேட்ட மூன்று மா அவரிடம் வந்துவிடும். பொய்கூட வேண்டியதில்லை. சும்மா தோளைக் குலுக்கினாலே ஆகிவிடும்.

"இந்த நாத்து யாருது?" என்று கேட்டார் மூத்தவர்.

"முத்தையனுது."

"உங்க கொல்லையில வளந்துதாமே?"

"எடம் என்னுது, தண்ணி என்னுது. வெத அவருது, வெதச்சதும் அவருதான். அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி இல்ல, முளச்சுப் போச்சு, குடுத்தேன். ஊர்ல யார வேணும்னாலும் கேளுங்க, எல்லார் போன்லயும் கெடக்கு." அப்புறம் இளையவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சாகுபடி முத்தையன்தான். அப்படியே எழுதிக்கிங்க. எழுதுனதப் படிச்சுக் காட்டிட்டுப் போங்க."

படித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

பைக் மறைந்ததும் செல்லம்மா அக்கா சத்தம் போட்டார். "என்னா வேடிக்க? குனிங்கடி!" நடவு மறுபடி நகர்ந்தது.

அப்பாவும் தனபாலும் ஒரே வரப்பில் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தனபாலின் வயல் எதிரே கால்வாசி காலியாகக் கிடந்தது. எங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு அவர் தாமதமாக விட்ட நாற்றங்காலில் பெருமழை விழுந்து பாதி அழுகிவிட்டதென்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். எங்கள் பக்கம் நட்டு முடித்தும் நாற்று மிஞ்சும் போலிருந்தது. மிஞ்சின நாற்றைக் குரூப்பில் போட்டுவிடுவது இப்போது ஊரில் வழக்கம். முந்திக் கேட்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

நல்ல காரியம் செய்கிற நினைப்பில் வரப்பில் அடுக்கியிருந்த நாற்று முடிகளைப் படம் எடுக்கப் போனேன்.

அப்பா என் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"குரூப்புல போடாத தம்பி," என்றார். பிறகு தனபால் பக்கம் திரும்பினார். ஸ்டேஷன் பெஞ்சுக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "அது அவருக்கு."